72 மணி நேர கேனுலா: லேடர் புராஜெக்டாக எடுக்கலாமா?

வார்டு சிஸ்டர், பெங்களூரு:
சொந்த ஊர் தர்மபுரி. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். இந்த வருடம் 'கிளினிக்கல் லேடர்' கொண்டுவந்தார்கள். நோயாளி பக்கத்திலேயே இருந்துகொண்டு நான்கு படி மேலே போகலாம், சம்பளமும் கூடும். மூன்றாம் படிக்கு எவிடன்ஸ் பேஸ்டு பிராக்டிஸ் (ஆய்வுச் சான்றை வைத்து வேலைமுறையை அமைப்பது) புராஜெக்ட் கட்டாயம்.

எங்கள் வார்டில் 72 மணி நேரமானால் கேனுலாவை (மருந்து, சலைன் ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். போன மாதம் ஒரு பாட்டிக்கு நரம்பே கிடைக்காமல் மூன்று முறை குத்தினேன். பழையதில் வீக்கமில்லை, சிவப்பில்லை. "நல்லாத்தானே இருந்துச்சு, ஏம்மா எடுத்த?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் தேடியபோது 2012இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு கிடைத்தது. 3,283 நோயாளிகள். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினாலும், தேவைப்பட்டால் மட்டும் மாற்றினாலும் ஃப்ளெபைடிஸ் (நரம்பு அழற்சி) 7 சதவீதம்தான்.

ஆனால் இங்கே பலரும் சி.என்.இ. (நர்ஸ்களுக்கான தொடர் பயிற்சி வகுப்பு) சான்றிதழ் சேர்த்தே பாயிண்ட் வாங்குகிறார்கள். நான் இதை எடுத்தால் புரோட்டோகாலை எதிர்க்கிறேன் என்று நினைப்பார்களா?

முன்னாள் இன்சார்ஜ்:
எடும்மா. ஆனால் அனுமதி வரும்வரை ஒரு கேனுலாவைக்கூட 72 மணிக்கு மேல் விடாதே. முதலில் ஒரு மாதம் கணக்கெடு: ஒவ்வொரு ஷிப்டிலும் விஐபி ஸ்கோர் (கேனுலா போட்ட இடத்தில் சிவப்பு, வலி, வீக்கம் பார்த்துப் போடும் மதிப்பெண்), எத்தனை முறை குத்தினீர்கள், எதற்காக எடுத்தீர்கள். அந்தத் தாளோடு இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸிடம் போ. நேராக என்.எஸ். (நர்சிங் சூப்பிரண்டெண்ட்) அறைக்குப் போகாதே. கேஷுவாலிட்டியில் அவசரத்தில் போட்டது தனிக் கணக்கு, சுத்தத்தில் சந்தேகம் இருந்தால் 48 மணிக்குள் மாற்றியே ஆக வேண்டும். ஷிப்டுதோறும் கையைப் பார்க்க ஆள் இல்லாத வார்டில் இந்த மாற்றமே ஆபத்து.

ஐசியூ சிஸ்டர், வொயிட்ஃபீல்டு:
அக்கா சொல்வது சரி. சக்ஷனுக்கு (மூச்சுக் குழாயில் சளியை உறிஞ்சி எடுப்பது) முன் டியூபில் சலைன் விடும் பழக்கத்தை வைத்து நான் புராஜெக்ட் செய்தேன். என்னைச் செய்ய வைத்தது பாயிண்ட் இல்லை, டூட்டி நேரத்திலேயே மாதம் நான்கு மணி நேரம் ஒதுக்கித் தந்ததுதான். நைட் முடித்து வந்து பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறையில் ஆங்கிலக் கட்டுரை படி என்றால் யாரால் முடியும்? கமிட்டியிடம் முதலில் நேரத்தைக் கேளுங்கள். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் பாயிண்ட் உண்டா என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் விடை தெரிந்த தலைப்பையே எடுப்பார்கள்.

வார்டு சிஸ்டர், பெங்களூரு:
நன்றி அக்கா, நன்றி சிஸ்டர். நாளை மார்னிங் டூட்டி. ஹேண்ட்ஓவர் தாளில் விஐபி ஸ்கோருக்கு ஒரு கட்டம் போட்டு இன்சார்ஜிடம் காட்டுகிறேன்.