இனால்கோவில் தமிழ் படிக்க உதவித்தொகை: எதை முதலில் போடுவது?

சேந்த்-ஆந்த்ரே அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ரெயூனியோன் என்ற பிரெஞ்சுத் தீவில் இருக்கிறோம். மகள் தெர்மினாலில் (பள்ளியின் கடைசி வருஷம்) இருக்கிறாள். பாரிஸ் இனால்கோ என்ற கீழை மொழிகள் கல்லூரியில் தமிழ் லிசான்ஸ் (மூன்று வருஷ இளங்கலை) படிக்க, பார்கூர்சுப் என்ற உயர்கல்விச் சேர்க்கைத் தளத்தில் கேட்டிருக்கிறோம். இடம் உறுதியானதும் பூர்ஸுக்கு (அரசு உதவித்தொகை) எழுதலாமா? விமான டிக்கெட்டுக்கும், மூன்றாம் வருஷம் இந்தியாவில் போய்ப் படிக்கவும் ஏதாவது உண்டா? பூர்ஸுக்குக் கணக்குப் போட்டால் 0பிஸ், அதாவது ஆகக் கீழ்ப் படி, என்றுதான் வருகிறது. இந்தக் கொஞ்சப் பணத்துக்கா இத்தனை காகிதம் என்று அவள் அப்பா கேட்கிறார்.

ரவென்_பூர்ஸ்:
அக்கா, இடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பார்கூர்சுப் பதில் ஜூனில்தான் வரத் தொடங்கும். க்ரூஸ் என்ற மாணவர் நல அலுவலகத்தின் தோசியே சோசியால், அதாவது பூர்ஸ் விண்ணப்பம், மே 31-ஓடு முடியும். அதன்பிறகு போட்டாலும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் முதல் தவணை தள்ளிப்போகும். மாணவர் விடுதி அறையையும் இதே தோசியேயில்தான் கேட்க வேண்டும், அதிலும் பின்தங்கிவிடுவீர்கள். கேட்ட படிப்புகளையெல்லாம் இப்போதே அதில் எழுதிவிடுங்கள், பிறகு மாற்றலாம்.

கையில் வேண்டியவை: மகளின் ஐ.என்.ஈ. எண் (தேசிய மாணவர் எண், பார்கூர்சுப்பில் கொடுத்த அதே எண்), பெற்றோரின் வரி அறிக்கை, அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு. வரி அறிக்கையில்தான் பலர் தவறுகிறார்கள். 2026 செப்டம்பரில் சேர்பவருக்கு 2024 வருமானம், அதாவது 2025-இல் வந்த அறிக்கை.

0பிஸை லேசாக எண்ணாதீர்கள். 2025-26-இல் 0பிஸுக்கு வருஷத்துக்கு 1,454 யூரோ, உச்சமான 7ஆம் படிக்கு 6,335. பத்து மாதத் தவணை. ஆனால் 0பிஸ் கிடைத்தாலே பதிவுக் கட்டணம் இல்லை, செ.வே.எ.செ. என்ற மாணவர் வளாக வசதிக் கட்டணமும் இல்லை. கட்டணம் இல்லாவிட்டாலும் செ.வே.எ.செ. சான்றிதழை இணையத்தில் எடுத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் பதிவு முடியாது.

தம்பி_பாரிஸ்13:
டிக்கெட்டுக்கு லதோம், கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதியினரின் பயணத்துக்கு உதவும் அரசு அமைப்பு. தீவில் இல்லாத படிப்புக்கும், இடம் நிரம்பிய படிப்புக்கும் தருவார்கள். பூர்ஸ் உள்ளவருக்கு முழுச் செலவு, மற்றவருக்குப் பாதி. அப்பா கேட்ட கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது: 0பிஸும் பூர்ஸ்தான். டிக்கெட் வாங்கும் முன்பே விண்ணப்பியுங்கள், வாங்கிவிட்டு ரசீதோடு போகாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போட வேண்டும்.

சேந்த்-ஆந்த்ரே அம்மா:
மிக்க நன்றி தம்பி. மகள் தனியாக வரிக் கணக்குக் காட்டினால் படி கூடுமா?

ரவென்_பூர்ஸ்:
கூடாது அக்கா. தனிக் கணக்கானாலும் பெற்றோர் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். படியைக் கூட்டுவது புள்ளிகள்: வீட்டில் உங்களைச் சார்ந்த மற்றப் பிள்ளைக்குத் தலைக்கு 2, அந்தப் பிள்ளை உயர்கல்வியில் இருந்தால் 4. வீட்டிலிருந்து கல்லூரி இருக்கும் தூரத்துக்கும் புள்ளி உண்டு. ரெயூனியோனிலிருந்து பாரிஸ் என்றால் அது நன்றாகவே கைகொடுக்கும். அண்ணன் மொம்பெலியேயில் படிக்கிறான் என்றால் அவன் சேர்க்கைச் சான்றை விட்டுவிடாதீர்கள்.

மொழி_அத்தை:
இந்தியாவுக்கு: ஆ.எம்.ஈ. என்ற வெளிநாட்டு உதவி, மாதம் 400 யூரோ, 2 முதல் 9 மாதம் வரை, பூர்ஸுக்கு மேல். இதற்கும் பூர்ஸ் இருந்தாக வேண்டும். க்ரூஸில் கேட்கக் கூடாது. படிக்கும் கல்லூரியின் வெளிநாட்டுப் பிரிவில் கேட்க வேண்டும். கல்லூரிக்கு ஒதுக்கும் உதவி மாதங்கள் அளவானவை, ஆகவே இரண்டாம் வருஷத் தொடக்கத்திலேயே பேசுங்கள். பிரான்சில் பதிவு இருக்கும்வரை, அங்கே போன காலத்திலும் பூர்ஸ் நிற்காது.

நிற்பது வேறொன்றால்: வகுப்புக்கோ தேர்வுக்கோ போகாவிட்டால் நிறுத்துவார்கள், வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள். மூன்றாம் வருஷ பூர்ஸுக்கு அதற்குள் 60 கிரெடிட் (தேறிய பாடங்களுக்குத் தரும் அலகு) தேறியிருக்க வேண்டும், நான்காவதுக்கு 120. தமிழ் வீட்டுப் பிள்ளை என்று முதல் வருஷ எழுத்துப் பயிற்சியை அலட்சியமாக விட்டால் இந்தக் கிரெடிட்டில்தான் அடிபடும்.