அட்ஜஸ்டர்களை மாற்றிய பிறகும் திரும்பி வரும் டேப்பெட் சத்தம்: அடுத்து எதைப் பார்ப்பது?

கேள்வி:
என் காரில் இருப்பது 4 சிலிண்டர், 16 வால்வு பெட்ரோல் இன்ஜின். வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர்கள் (ஆயில் அழுத்தத்தால் நீண்டு இடைவெளியை நிரப்பும் சிறு உருளைகள்) தாமாகவே சரிசெய்துகொள்ளும் வகை. டேப்பெட் சத்தம் (வால்வுப் பகுதியிலிருந்து வரும் தட்டல்) வந்ததால் சென்ற ஆண்டு அட்ஜஸ்டர்கள் அனைத்தையும் மாற்றினேன். சில மாதங்கள் அமைதியாக இருந்துவிட்டு, அதே சத்தம் மீண்டும் தொடங்கியிருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போதுதான் கேட்கிறது, 1500 ஆர்.பி.எம்.மைத் தாண்டினால் மறைந்துவிடுகிறது. உற்பத்தியாளர் சொன்ன 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதிலாக மெக்கானிக்கின் யோசனைப்படி அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிப் பார்த்தேன். சூட்டில் சத்தம் குறைந்தது, ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பு இல்லாத படபடப்பு வந்துவிட்டது. ஆயில் விளக்கு ஒருமுறையும் எரியவில்லை. மறுபடியும் அட்ஜஸ்டர்களையே மாற்றுவதா?

பதில் 1:
மாற்ற வேண்டாம். சத்தம் வால்வுப் பகுதியிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுற்றுவதால், 800 ஆர்.பி.எம்.மில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறைதான் திறக்கும். கைபேசியில் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணினால் 10 விநாடிகளில் ஏறக்குறைய 67 தட்டல்கள் வர வேண்டும். 130-ஐ ஒட்டி வந்தால், இரண்டு வால்வுகள் சத்தமிடுகின்றன, அல்லது கோளாறு கீழே கிராங்க் பக்கம் இருக்கிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தட்டும் என்பதால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். தட்டல் அடியோடு நின்றால் அது இன்ஜெக்டரின் சத்தம். மங்கினால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வால்வுப் பகுதிதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோடு வைத்து, முனையை டேப்பெட் கவரின் போல்ட்டுகள் மேல் ஒவ்வொன்றாக ஊன்றினால் எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளியே நில்லுங்கள். எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தாலும் இதே சத்தம் வரும். ஆனால் அது குளிர்ந்த நிலையில் அதிகமாகவும், உலோகம் சூடேறி விரிந்த பின் குறைவாகவும் இருக்கும். உங்களுடையது நேர்மாறு.

பதில் 2:
கனமான ஆயிலை ஊற்றச் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. அது கோளாறை மூடி வைக்கிறதே தவிர, குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறுவதற்குத் தாமதமாகி அட்ஜஸ்டர்களைக் காய வைக்கிறது. உங்கள் காலைப் படபடப்புக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஆயினும் சூட்டில் சத்தம் குறைந்தது நல்ல தடயம்: எங்கோ ஆயில் கசிந்து அழுத்தம் விழுகிறது, அல்லது ஓரிடத்துக்குப் போதிய ஆயில் சேரவில்லை. விளக்கு எரியவில்லை என்பதை நம்ப வேண்டாம். அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகுதான் அது எரியும். 5டபிள்யூ-30-க்குத் திரும்பி, ஆயில் அழுத்த சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது ஐட்லிங்கிலும் 2000 ஆர்.பி.எம்.மிலும் அளந்து, சர்வீஸ் கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டுமே குறைவென்றால் சம்ப்பை (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறக்கி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னரில் கசடு அடைத்திருக்கிறதா, பம்ப் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளஷ் திரவம் ஊற்றிக் கழுவும் ஆசை மட்டும் வேண்டாம். பெயர்ந்து வரும் கசடு நேராக ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்துக்கொள்ளும்.

பதில் 3:
டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். காற்று கலந்த ஆயிலால் அட்ஜஸ்டர் இறுகி நிற்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது. 5டபிள்யூ-30-க்கு மாற்றியபின் காலைப் படபடப்பு போய்விட்டது. சூட்டில் அளந்த அழுத்தம் ஐட்லிங்கிலும் 2000-லும் கையேட்டின் வரம்புக்குள் வருகிறது. இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றியும் மாற்றமில்லை. ஸ்க்ரூடிரைவரில் 4-ஆம் சிலிண்டரின் எக்சாஸ்ட் பக்கம்தான் பலமாகக் கேட்கிறது. கவரைத் திறந்த மெக்கானிக், முன்பும் அந்த இடத்து அட்ஜஸ்டர்தான் தளர்ந்திருந்தது என்கிறார்.

பதில் 2 எழுதியவர்:
அப்படியானால் பம்ப்பையும் ஸ்ட்ரெய்னரையும் விட்டுவிடலாம். இன்ஜின் முழுவதற்கும் ஆயில் குறைந்திருந்தால் ஒரே இடத்து அட்ஜஸ்டர் இரண்டு முறை தளர்ந்திருக்காது. 4-ஆம் சிலிண்டரின் அட்ஜஸ்டரையும் அதன் ராக்கரையும் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) ஜோடியாகவே எடுத்து, 1-ஆம் சிலிண்டரின் எக்சாஸ்ட் ஜோடியோடு இடம் மாற்றிப் பொருத்துங்கள். சத்தம் 1-க்கு நகர்ந்தால் அந்த ஜோடியில்தான் கோளாறு. ராக்கரின் ரோலரில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் 4-லேயே நின்றுவிட்டால் வேறு இரண்டைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, அட்ஜஸ்டர் அமரும் குழிக்குப் பக்கவாட்டில் திறக்கும் ஆயில் துளை. மெல்லிய நைலான் இழையை நுழைத்துப் பாருங்கள், கம்பி வேண்டாம். பழைய கேஸ்கட் பசையின் துணுக்கு அங்கே சிக்குவது உண்டு. மற்றொன்று கேம் லோப், அதாவது வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் முட்டை வடிவப் புடைப்பு. மூக்கு வரையிலான மொத்த உயரத்தையும் புடைப்பில்லாத அடிவட்டத்தின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து, வித்தியாசத்தைப் பக்கத்து எக்சாஸ்ட் லோப்போடு ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும். தேய்ந்த லோப்பின் கீழ் புதிய அட்ஜஸ்டரை எத்தனை முறை வைத்தாலும் இதே கதைதான்.

கேம் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் பேரிங் கேப்களின் எண்ணையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை மாற்றிப் போடக் கூடாது. பூட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அதிகம் நீண்டு நிற்கும் அட்ஜஸ்டர் வால்வை மூடவிடாமல் பிடித்திருந்தால் அது பிஸ்டனில் இடிக்கக்கூடும். அது தாழ்ந்து அமர்வதற்கு அரை மணி நேரம் விடச் சொல்லும் உற்பத்தியாளர்களும் உண்டு.