மறு: குரூப் தெரபிஸ்ட் – ‘வழி’ வேணாம், நடத்துநர் போதும்

ஐயா, வணக்கம்.

குரூப் தெரபிஸ்ட், அதாவது பல பேர ஒண்ணா உக்கார வச்சுப் பேசவிட்டுத் தர்ற மனநல சிகிச்சைய நடத்தறவருக்குத் தமிழ்ல ‘குழு வழிநடத்துநர்’னு நேத்து நீங்க சொன்னதப் பத்தி ரொம்ப யோசிச்சேன், மனசு ஒப்பல. குழுப் பகுப்பாய்வுங்கற இந்தச் சிகிச்சை முறைய உருவாக்கின எஸ். எச். ஃபோக்ஸ் லீடர்ங்கற வார்த்தையே வேணாம்னுதான் கண்டக்டர்னு வச்சுக்கிட்டாரு, ஆர்க்கெஸ்ட்ரால கம்பு பிடிச்சு நிக்கறவர் மாதிரி. ‘வழி’ன்னு சேத்தா அவர் ஒதுக்கினது திரும்ப உள்ள வந்துடுது.

அவர் வந்த பாதையப் பாருங்க. 1898ல ஜெர்மனில யூதக் குடும்பத்துல பொறந்தவர், அப்ப பேரு ஃபுக்ஸ், ஃபிராங்க்ஃபர்ட்ல கர்ட் கோல்ட்ஸ்டைன்கிட்ட நரம்பியல் வேலை, ஒரு நரம்பு செல்ல மொத்த வலையோட சேத்துத்தான் புரிஞ்சுக்கணும்ங்கறது அங்க கெடச்சது, அப்புறம் வியன்னால உளப்பகுப்பாய்வுப் பயிற்சி, 1933ல ஹிட்லர் வந்ததும் இங்கிலாந்துக்குப் போயிட்டாரு. எக்ஸிடர்ல தனித்தனியா பாத்துட்டிருந்த நோயாளிங்கள ஒண்ணா உக்கார வச்சாரு. போர் நடக்கறப்ப பர்மிங்ஹாம் நார்த்ஃபீல்ட் ராணுவ ஆஸ்பத்திரில மனசு ஒடைஞ்சு வந்த சிப்பாய்ங்களோட அதையே செஞ்சாரு. குணமாக்கறது குழுதான், டாக்டரும் அதுல ஒரு ஆளுங்கறது அவரோட நம்பிக்கை. அதனாலதான் ‘சிகிச்சையாளர்’னு மொட்டையா போடவும் எனக்குத் தயக்கம்.

‘நடத்துநர்’ போதும்ங்கறேன். நட – நடத்து. நடக்கறது அவங்க, நடக்க வைக்கறது மட்டும் இவர். எங்கன்னு இந்தச் சொல் சொல்லல பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. ஓட்டுநர், இயக்குநர் மாதிரி ‘நர்’னே எழுதலாம்.

நடத்துநர்னா பஸ் கண்டக்டர்தான் ஞாபகம் வருதுன்னு அக்கா எழுதியிருந்தாங்க. வரட்டும் அக்கா! வண்டிய ஓட்டறது அவர் இல்லயே, ஆளுங்க நடுவுல நிக்கறவர், யாரு எங்க ஏறினா எங்க எறங்கணும்னு மனசுல வச்சிருக்கறவர்.

நான் ரெண்டு வருஷம் ஒரு குழுவுல உறுப்பினரா உக்காந்திருக்கேன். ஒருத்தர் தன்னோட அப்பாவின் குடியப் பத்திச் சொல்லி அழுதப்ப நாங்க எல்லாரும் நடத்துநரப் பாத்தோம், அவங்க ஒண்ணும் சொல்லாம எங்களப் பாத்தாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு எதிர்ல இருந்த பெரியவர் ‘எங்க வீட்லயும்தான்’னாரு. அன்னிக்கு அவங்க வாயத் திறந்து வழி சொல்லியிருந்தா அந்தப் பெரியவர் பேசியிருக்கவே மாட்டாரு. லண்டன்ல 1971ல ஆரம்பிச்ச குழுப் பகுப்பாய்வு நிறுவனத்துல பயிற்சிக்குச் சேர்றவங்களும் மொதல்ல வருஷக்கணக்கா ஒரு குழுவுல உறுப்பினரா உக்காந்தாகணும், படிப்பு மட்டும் போதாது.

அடுத்து மேட்ரிக்ஸ், குழுவுல இருக்கறவங்களுக்கு நடுவுல உருவாகற உறவு வலைக்கு ஃபோக்ஸ் வச்ச பேரு. கணக்குல ‘அணி’ன்னு இருக்கு, இங்க அது ஒட்டாது. ‘பின்னல்’னு வச்சு, அதுல ஒவ்வொரு ஆளையும் ‘முடிச்சு’ன்னு சொல்லலாமா? முடிச்சுன்னா சிக்கல்னு படுமோன்னு ஒரு பயம் இருக்கு, சொல்லுங்க.