பாட்காஸ்ட் எடிட்டிங்கை நம்பி வேலையை விடலாமா?

கல்லடிச்சத்தம்:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ ஒன்றில் எடிட்டராக இருக்கிறேன், ஆனால் எனக்குப் படத்தை விடச் சத்தத்தில்தான் பைத்தியம். வெளிநாட்டில் இருக்கிற ரெண்டு பேருடைய தமிழ் பாட்காஸ்டை இரவில் எடிட் செய்து கொடுக்கிறேன். அந்தக் காசு ஸ்டூடியோச் சம்பளத்தில் பாதிகூட வராது. விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால் தாக்குப்பிடிக்கலாமா? விலை எப்படிச் சொல்வது, மணிக்கணக்கா, எபிசோடு கணக்கா? சொந்தமாக ஒன்று தொடங்கவும் ஆசை, அதற்கு என்ன மைக் வாங்கலாம்? வீட்டில் இது என்ன தொழில் என்று விளங்கப்படுத்தவே முடியவில்லை, அம்மா 'ரேடியோவா மகன்' என்கிறா.

வாவிக்கரை:
தம்பி, இப்போதைக்கு விட்டுராதீங்க. மாதாமாதம் வருகிற ஆட்கள் நாலைந்து பேராவது சேரட்டும். சொந்த பாட்காஸ்டில் காசு வரும் என்று கணக்குப் போடவே வேண்டாம், அது உங்கள் கைவேலையைக் காட்டுகிற இடம், சோறு போடுவது அடுத்தவருடைய எபிசோடுதான்.

விலையை முடிந்த எபிசோடின் நீளத்தை வைத்துச் சொன்னால் மாட்டுவீங்க. ரெண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு நாற்பது நிமிசமாக்கித் தா என்பார்கள். அனுப்புகிற ரெக்கோடிங்கில் நிமிசத்துக்கு இவ்வளவு, திருத்தம் ரெண்டு தடவை, அதற்கு மேலே தனிக்காசு. இதையெல்லாம் முதலே எழுத்தில் அனுப்பிவிடுங்க. காசு எந்த வழியால் வரும் என்பதையும் அப்பவே பேசிக்கொள்ளுங்க, வெளிநாட்டுக் காசை வாங்கித் தருகிற பேயோனியர் சேவை இங்கே ஓடுது. அப்புறம், பேசுகிற ஒவ்வொருவரையும் அவரவர் பக்கத்திலேயே தனித்தனியாகப் பதியச் சொல்லுங்க. நெட் விக்கினாலும் குரல் விக்காது.

அக்கரைப்பற்றான்:
வாவிக்கரை நானா சொல்வதில் பாதிதான் சரி. வெறும் வெட்டி ஒட்டுகிற வேலைக்கு இனி விலை இறங்கும், இரைச்சலை எடுக்கவும் இடைவெளியைச் சுருக்கவும் மென்பொருள் இருக்கு. ஒலியை அமைக்கத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. உங்கட பக்கம் கூத்து ஆடுகிற களரி இருக்கே, போய்ப் பதிந்து பாருங்க. மத்தளம் ஒரு பக்கம், சலங்கை ஒரு பக்கம், நடுவில் கூத்தை நடத்துகிற அண்ணாவியாருடைய குரல், மேலே கூம்பு ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் அவ்வளவுதான். களரிக்குக் கிட்டப் போய் 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்க. சலங்கை திடீரென்று பாயும், மீட்டரில் காணும் முன்னமே பதிவில் சத்தம் உடைந்திருக்கும். அந்த ஒரு இரவைச் சுத்தமாகக் கொண்டுவந்தால் நல்ல பாடம். (மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்களே, அதைப் பதியப் போறேன் என்று மட்டும் கிளம்பாதீங்க, தண்ணிக்குள் இறக்குகிற மைக் இல்லாமல் தோணிக் கட்டையின் சத்தம்தான் கிடைக்கும்.)

மைக் என்றால், கிட்டத்துக் குரலையே கூடுதலாகப் பிடிக்கிற டைனமிக் வகை, சூர் எஸ்எம்58 போல ஒன்று. சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டன்சர் வகை வாங்கினால் ஃபேனும் காகமும் பாங்கும் பக்கத்து வீட்டுச் சண்டையும் சேர்ந்து வரும். பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் பாண் விற்கிற ஓட்டோவும்தான். அந்தப் பாட்டு பீத்தோவனுடையது என்றபடியால் உரிமைப் பிரச்சினை மட்டும் இல்லை 😄 சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுகிற ஆட்களைத் தூரவே வையுங்க.

கல்லடிச்சத்தம்:
நன்றி அண்ணே, நானா. சத்த அளவு எவ்வளவுக்கு வைத்து அனுப்புவது? ஒருத்தர் கூட்டச் சொல்கிறார், மற்றவர் குறைக்கச் சொல்கிறார்.

வாவிக்கரை:
ஆப்பிள் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சராசரிச் சத்தத்தின் அளவு) கேட்குது, ஸ்பாட்டிஃபை மைனஸ் 14. நான் மைனஸ் 16க்கு வைத்து உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்துவேன். ரீப்பர் என்கிற எடிட்டிங் மென்பொருள் இருந்தால் அளவு அதிலேயே தெரியும், 60 நாள் சும்மா பாவிக்கலாம்.

ஸ்காபரோவாசி:
காசு கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கதைகளைப் பதிந்து வெளியிடுகிறேன். முதலில் எடிட் செய்தவர் மென்பொருளிடம் விட்டுவிட்டார், அது கேட்கிறவர் 'ம்' கொட்டுவதையெல்லாம் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டது. மிச்சமிருந்ததைக் கேட்டால் ஆச்சி யாருமில்லாத அறையில் தனியே புலம்புவது மாதிரி இருந்தது. எந்த 'ம்' இருக்க வேண்டும், எது போகலாம் என்று தெரிந்த ஆளுக்கு நான் கூடவே கொடுப்பேன். அது ஊர்க்காதுக்குத்தான் தெரியும். தம்பி, பத்து நிமிசத் துண்டு ஒன்று அனுப்புகிறேன், செய்து காட்டுங்கள், அதற்கும் காசு உண்டு. சும்மா மாதிரி கேட்கிறவர்களுக்குச் செய்து கொடுக்காதீர்கள்.

கல்லடிச்சத்தம்:
அண்ணே, உங்கட இன்பாக்ஸைப் பாருங்க.