பாளையங்கோட்டைய ஏன் தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுன்னு சொல்றாங்க? ஊர்க்காரங்க சொல்லுங்க

கோவைக்காரி:
வணக்கமுங்க. பொண்ணுக்கு பாளையங்கோட்டைல காலேஜ் சீட் கிடைச்சிருக்கு, அடுத்த வாரம் கூட்டிட்டு வந்து ஹாஸ்டல்ல விடப்போறோம். நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க, திருநெல்வேலின்னா அல்வா, அதோட சரி. எங்க வீட்டுக்காரர் அது தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டாக்கும்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிட்டு இருக்கார், ஏனுங்க அப்படின்னு கேட்டா அவருக்கே தெரியல. நெட்ல தேடினா குற்றாலம் அருவி, பாபநாசம் அருவின்னே வருது, எனக்கு ஊரைப் பத்தி வேணுமுங்க. ரெண்டு நாள் இருப்போம், நடந்தே என்னென்ன பார்க்கலாம்?

முருகன்குறிச்சி_அண்ணாச்சி:
வாங்கம்மா வாங்க. முதல்ல ஒண்ணு சொல்லிருதேன், பாளையங்கோட்டை வேற திருநெல்வேலி டவுன் வேற, நடுவுல தாமிரபரணி ஓடுது. நீங்க சொல்லுத அல்வா எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம். 1994ல எல்லாத்தையும் சேத்து ஒரே மாநகராட்சி ஆக்கிட்டாவ, ஆனாலும் இன்னிக்கும் பாளைக்காரன் "டவுனுக்குப் போயிட்டு வாரேன்"னு வெளியூர் போற மாதிரிதான் சொல்லுவான்.

ஆக்ஸ்போர்டு பேரு ஏன்னா, சின்ன ஊருக்குள்ள அத்தனை பள்ளிக்கூடம் காலேஜ். ஜான்ஸ் காலேஜ் 1878, சாரா டக்கர் 1895, சேவியர்ஸ் 1923, அப்புறம் ஐகிரவுண்டுல மெடிக்கல் காலேஜ் 1965, சித்தா காலேஜ் வேற. இதுக்கெல்லாம் மூலம் என்னன்னா இங்க கோட்டை இருந்துச்சு, கோட்டைக்குள்ள கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பட்டாளம் இருந்துச்சு, பட்டாளத்தை ஒட்டி மிஷனரி வந்தான், அவன் வந்த இடத்துல பள்ளிக்கூடம் முளைச்சிது. 1820ல ரேனியஸ்னு ஒரு ஜெர்மன்காரர் வந்த பிறகுதான் அது சூடு பிடிச்சிது. அவர் கட்டுன சர்ச்சுதான் ஊசிக்கோபுரம், 1826. நிமிந்து பாத்தா பேரு ஏன்னு புரிஞ்சிரும்.

ஜான்ஸ்_பேட்ச்_89:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா ரேனியஸுக்கு முன்னாடியே ஒருத்தங்க இருக்காங்க, அவங்களை விட்டுட்டு பாளை கதையை ஆரம்பிக்கக் கூடாது. குளோரிந்தா. தஞ்சாவூர் பக்கத்து மராட்டிய பிராமண விதவை, சொந்தப் பேரு கோகிலான்னு சொல்லுவாங்க. லிட்டில்டன்னு ஒரு இங்கிலீஷ் ஆபீசரோட இங்க வந்து இருந்தாங்க, அவர் செத்த பிறகு 1778ல ஷ்வார்ட்ஸ் ஐயர்ங்கற மிஷனரி பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ல எழுதுன சபைப் பட்டியல்ல மொத்தமே 40 பேரு, முதல் பேரு இவங்களோடது. 1785ல கோட்டைக்குள்ள ஒரு கோயில் கட்டினாங்க, அது இன்னும் நிக்குது, சனங்க அதை பாப்பாத்தியம்மா கோயில்னுதான் சொல்லும். சர்ச்சுக்கு பாப்பாத்தியம்மா கோயில்னு பேரு, இது வேற எந்த ஊர்லயாவது உண்டா சொல்லுங்க.

நெல்லை_எக்ஸ்பிரஸ்:
சாரா டக்கர் அம்மா லண்டன்லருந்து கப்பல்ல வந்து இந்தக் காலேஜோட முதல் பிரின்சிபாலா இருந்தாங்கன்னு எங்க ஆச்சி சொல்லுவா. அந்தக் காலத்துல ஒத்தைப் பொம்பளையா வந்திருக்காங்க பாருங்க..

ஜான்ஸ்_பேட்ச்_89:
@நெல்லை_எக்ஸ்பிரஸ் தம்பி, ஆச்சி மேல மரியாதை உண்டு, ஆனா அந்தம்மா இந்தியாவுக்கே வந்ததில்ல :) அவங்க சகோதரர் ஜான் டக்கர்தான் மெட்ராஸ்ல மிஷன் வேலையில இருந்தார், அவர் மூலமா இங்கத்த பெண்பிள்ளைங்க படிப்பில்லாம கிடக்குற சேதி தெரிஞ்சு அங்கருந்தே பணம் திரட்டினாங்க. இறந்தது 1857ல, காலேஜ் வந்தது 1895ல. கண்ணால பாக்காத ஊருல இத்தனை வருஷமா பேரு நிக்குது. இதே மாதிரி பார்வையில்லாத பிள்ளைங்களுக்கு ஆஸ்க்வித் அம்மா 1890ல தொடங்குன பள்ளி, காது கேளாத பிள்ளைங்களுக்கு ஸ்வைன்சன் அம்மா 1897ல தொடங்குன பள்ளி ரெண்டும் இங்கதான், அவங்க நேர்லயே வந்து வேலை பாத்தவங்க. என்னைக் கேட்டா ஆக்ஸ்போர்டுன்னு சொல்லுறதுக்கு காலேஜை விட இந்த ரெண்டு பள்ளிக்குத்தான் நாம பெருமைப்படணும், ஆக்ஸ்போர்டோட ஒப்பிட்டாத்தான் மதிப்புங்கறதே எனக்குப் பிடிக்காது.

செம்மண்_தேரி:
எல்லாரும் சர்ச்சு, பள்ளிக்கூடம்னே சொல்லுதீங்க, ஊமைத்துரைய மறந்துட்டீங்களேடே! கட்டபொம்மனைத் தூக்குல போட்ட பிறகு தம்பிய இந்தக் கோட்டைச் சிறைலதான் அடைச்சு வச்சிருந்தானுவ. 1801 பிப்ரவரி 2 சாயங்காலம் வெள்ளைக்கார ஆபீசருங்க எல்லாம் மேஜர் மெக்காலே வீட்டு விருந்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கானுவ, அந்நேரம் பாத்து உள்ள இருந்தவன் அத்தனை பேரும் காவலை உடைச்சிட்டு பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடிட்டாவ. போயி தரைமட்டமாக் கிடந்த கோட்டைய மறுபடி எழுப்பி திரும்பவும் சண்டை. அந்தப் பாளைக் கோட்டை பூராவும் இப்ப கிடையாது, மிச்சம் நிக்குற ஒரு கொத்தளத்தைத்தான் மேடை போலீஸ் ஸ்டேஷன்னு சொல்லுவோம். சிறைய உடைச்ச கோட்டைல போலீஸ் ஸ்டேஷன், நல்லாத்தான் இருக்கு.

முருகன்குறிச்சி_அண்ணாச்சி:
@செம்மண்_தேரி ஏல அதை நாளைக்கு எழுதலாம்னு வச்சிருந்தேன் நீ முந்திட்ட.
அம்மா, ஜங்ஷன்ல ரயில் விட்டு இறங்கி பாளைக்கு ஆட்டோல வரும்போது ஆத்துப் பாலம் வரும், சும்மா தாண்டிராதீங்க. அது சுலோசன முதலியார் பாலம், 1843. பேரைப் பாத்து பொம்பளைன்னு நெனச்சிருவீங்க, ஆம்பளை, கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா, அதாவது தலைமை அதிகாரியா இருந்தவர். சொந்தக் காசைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். 11 வளைவு, லண்டன் வாட்டர்லூ பாலம் மாடல். அவர் சம்சாரம் கழுத்துல கிடந்ததை எல்லாம் கழட்டிக் கொடுத்ததா ஒரு கதை உண்டு, கதையாவே வச்சுக்கிடுங்க.

இன்னொண்ணு, நா. வானமாமலை தெரியுமா, நாட்டுப்புறப் பாட்டையும் கதைப்பாடலையும் தேடித் தேடிச் சேத்தவர். அவர் இந்த ஊர்ல டுட்டோரியல் நடத்தித்தான் பிழைச்சார். பரீட்சைல ஃபெயிலான பயலுவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டே ஆராய்ச்சின்னு ஒரு பத்திரிகையும் நடத்தினார். பிறகு சேவியர்ஸ்ல நாட்டார் வழக்காற்றியலுக்கு தனித் துறையே வந்துச்சு.

கோவைக்காரி:
ஐயோ எல்லார்க்கும் ரொம்ப நன்றிங்க, இத்தனையும் ஒரே ஊர்லயா? வீட்டுக்காரருக்கு படிச்சுக் காட்டினேன், சாரா டக்கர் வந்ததே இல்லைங்கறதுல ஆள் அப்படியே உக்காந்துட்டார். பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னா, தசரா நல்லா இருக்குமாமே, ஹாஸ்டல்ல இருந்து விடுவாங்களா?

செம்மண்_தேரி:
விடுவாங்களான்னு வார்டனைத்தான் கேக்கணும் தாயி. ஆனா ஆயிரத்தம்மன் கூட மத்த அம்மன் சப்பரமும் ராத்திரி வரிசையா வந்து நிக்கும்போது ஜன்னல் வழியா மேளச்சத்தம் கேக்காம இருக்காது, அன்னிக்கு ராத்திரி படிக்கேன்னு சொன்னா நம்பாதீங்க.