புதுப்பிப்பு: சப்ளிமேஷன் பிரிண்டில் விழுந்த இரட்டை நிழல்

சப்ளிமேஷனில் (பேப்பரில் அச்சிட்ட படத்தின் மையைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறை) டி-ஷர்ட்டில் படத்தின் ஓரமாக மங்கலாய் இன்னொரு நிழல் விழுகிறது என்று கேட்டிருந்தேனே, அது போய்விட்டது. ஹீட் பிரஸ்ஸை (சூடாக அழுத்தும் கருவி) திறக்கும்போது பேப்பர் நகர்ந்ததுதான் காரணம். சூடு ஆறும்வரை மை ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும், பேப்பர் கொஞ்சம் அசைந்தாலும் பதிந்துவிடும். இப்போது சூடு தாங்கும் ஹீட் டேப்பால் பேப்பரைத் துணியோடு ஒட்டி, பிரஸ்ஸை மெதுவாகத் தூக்குகிறேன். துணியை முதலில் சில நொடி வெறுமனே அழுத்தி ஈரத்தைப் போக்கியதில் திட்டுகளும் நின்றன. சூட்டையும் நேரத்தையும் மாற்றவில்லை, அதே 200 டிகிரி செல்சியஸ், 60 நொடிதான்.

பருத்தியில் வருமா என்று கேட்டவர்களுக்கு: பாலியெஸ்டரில்தான் இந்த மை தங்கும், வெறும் பருத்தியில் துவைத்தால் வெளுத்துவிடும். கலப்புத் துணியில் மங்கலாக வரும். சிலருக்கு அந்தப் பழைய தோற்றமே பிடிக்கிறது. கறுப்புத் துணி வேண்டாம், இதில் வெள்ளை மை கிடையாது.

கறுப்பு பழுப்பாக விழுவது மட்டும் இன்னும் பாக்கி. அடுத்து ஐசிசி புரொஃபைலை (பிரிண்டரில் நிறம் சரியாக வர உதவும் கோப்பு) மாற்றிப் பார்க்கிறேன்.