அத்தையின் அபிடவிட்

குழு: தகடூர் சொந்தங்கள்

காலை 10:12
பாலக்கோடு அத்தை: அண்ணா, தம்பியின் இனிஷியல் மாற்ற அபிடவிட் டைப் செய்து கொடுத்திருக்கிறார்கள். போட்டோ போட்டிருக்கிறேன். மேலே 'சாலம்ன்லி அஃபர்ம் அண்ட் டிக்ளேர்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை?

10:13
ஓசூர் மச்சான்: டைப் செய்தவர் வார்த்தைக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரோ என்னவோ.

10:21
பெரியப்பா: ஒன்று இல்லையம்மா. அஃபர்முக்குள் இருப்பது லத்தீன் 'ஃபிர்முஸ்'. கெட்டியானது என்று பொருள். டிக்ளேருக்குள் இருப்பது 'கிளாருஸ்', அதாவது தெளிவானது. சொன்னது ஆடாமல் நிற்க வேண்டும் என்பது முதல் சொல். ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. கிளியர், கிளாரிட்டி எல்லாம் இந்த இரண்டாவது வீட்டுப் பிள்ளைகள்.

10:22
பெரியப்பா: ஆனால் இங்கிலீஷ் வக்கீல்களுக்கு ஜோடி ஜோடியாக எழுதும் பழக்கமும் உண்டு. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பார்கள். ஒன்று இங்கிலீஷின் சொந்தச் சொல், இன்னொன்று லத்தீன். பொருள் ஒன்றேதான்.

10:25
ஓசூர் மச்சான்: மாமா, துபாயிலிருந்து வந்தபோது பெங்களூர் ஏர்போர்ட்டில் டிக்ளேர் பண்ண ஏதாவது இருந்தால் சிவப்பு வழி, இல்லாவிட்டால் பச்சை வழி என்று போர்டு இருந்தது. அதுவும் இதுதானா?

10:26
பெரியப்பா: அதேதான். பெட்டியில் இருப்பதை மறைக்காமல் காட்டு என்கிறார்கள்.

10:27
பாலக்கோடு அத்தை: நீ எந்த வழியில் வந்தாய்?

10:27
ஓசூர் மச்சான்: பச்சை வழிதான் அம்மா.

10:28
பாலக்கோடு அத்தை: தெரியும். ஒரு தோடுகூட வரவில்லையே.

10:31
நான்: பெரியப்பா, பதவி ஏற்கும்போது சிலர் உளமார என்கிறார்கள், சிலர் கடவுள் பெயரால் என்கிறார்கள். அந்த உளமார என்பதுதானே சாலம்ன்லி அஃபர்ம்?

10:40
பெரியப்பா: சரியாகப் பிடித்தாய். அதற்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சார்லஸ் பிராட்லா என்று ஒரு நாத்திகர். 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து இங்கிலாந்து பாராளுமன்றத்துக்குப் போனார். கடவுள் பெயரில் சத்தியம் வேண்டாம், அஃபர்ம் செய்கிறேன் என்றார். விடவில்லை. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாதவன் செய்வது சத்தியமா என்று அதற்கும் விடவில்லை! தொகுதி மக்களும் சளைக்காமல் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள். 1886-இல்தான் முறையாக உட்கார முடிந்தது, அதுவும் சத்தியம் செய்து. 1888-இல் அவர் முயற்சியிலேயே சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் சத்தியத்துக்குப் பதில் அஃபர்ம் செய்யலாம் என்று.

10:42
தர்மபுரி சித்தி: ஒரு வார்த்தைக்கு ஆறு வருடமா! நம் பட்டா கேஸே தேவலாம்.

10:47
பெரியப்பா: அபிடவிட் என்பது இன்னும் வேடிக்கை. பார்த்தால் பெயர்ச்சொல். உண்மையில் அது லத்தீன் வினைமுற்று. 'சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்' என்று பொருள். நாம் 'சொன்னான்' என்றால் அதற்குள்ளேயே ஆள் இருக்கிறானே, அப்படித்தான் அதுவும்.

10:48
ஓசூர் மச்சான்: தலைப்பில் 'அவர் சொன்னார்', கீழே 'நான் சொல்கிறேன்'. நல்ல பத்திரம்.

10:55
தர்மபுரி சித்தி: இருங்கள், சின்னவளுக்கு ஒரு சந்தேகம். ரிசல்ட்டை அனௌன்ஸ் பண்ணுகிறார்கள் என்றும் வருகிறது, டிக்ளேர் என்றும் வருகிறது. எது சரி?

11:04
பெரியப்பா: இரண்டும் சரி. அனௌன்ஸுக்குள் 'நுன்டியுஸ்' என்று ஒரு தூதர் இருக்கிறார். போப்பாண்டவரின் தூதரை இன்றைக்கும் நன்சியோ என்றுதான் அழைக்கிறார்கள். சேதி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது அனௌன்ஸ்.

11:05
பெரியப்பா: தூதுக்கு வெளியூர் உதாரணம் எதற்கு? நம் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் போனாரே. அவன் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு.

11:07
நான்: அதாவது நீ சண்டைக்கே போனதில்லை என்று குத்திக் காட்டுகிறார். அப்போது அது டிக்ளேர் கணக்கில் வராது. எதையும் தெளிவாகச் சொல்லவில்லையே!

11:08
பெரியப்பா: வராது. தூது மட்டும்தான். ஆனால் தொண்டைமானுக்கு உறைத்திருக்கும்.

11:12
ஓசூர் மச்சான்: அப்புறம் புரொக்ளெய்ம்?

11:16
பெரியப்பா: அது கத்தல். 'கிளாமாரே' என்றால் கூவுவது. நம் தண்டோரா மாதிரி. அதையும் 2022-இல் தமிழக அரசு வேண்டாம் என்றுவிட்டது, ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதுமாம். நாம் மட்டும் என்ன, பறை என்றால் மேளமும் உண்டு, சொல் என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் பறயுக என்றால் வெறுமனே சொல்வதுதான். இன்ஷூரன்ஸ் கிளெய்ம்கூட அந்தக் கத்தல் குடும்பம்.

11:17
ஓசூர் மச்சான்: அதான் கத்தினால்தான் கொடுக்கிறார்கள்.

11:24
பாலக்கோடு அத்தை: அண்ணா, இது முடிந்ததும் கெஜட்டில் போட வேண்டுமாம். அதற்கும் கதை இருக்கிறதா?

11:26
பெரியப்பா: இருக்கிறது. கெஜட் என்பது வெனிஸ் நகரத்துச் சில்லறைக் காசு ஒன்றின் பெயர். செய்தித் தாளின் விலை அந்தக் காசு, பெயரும் தாளுக்கே ஒட்டிக்கொண்டது.

11:27
பாலக்கோடு அத்தை: இப்போது சில்லறையில் முடிகிற மாதிரி தெரியவில்லை.

11:33
தர்மபுரி சித்தி: அண்ணி, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றாவது வரி. பழைய இனிஷியல் இருக்க வேண்டிய இடத்தில் புதியது இருக்கிறது, புதியதன் இடத்தில் பழையது.

11:34
ஓசூர் மச்சான்: மாற்றி அடித்திருக்கிறார்கள்! கெட்டியாகவும் தெளிவாகவும் தப்பு.

11:35
பாலக்கோடு அத்தை: ஐயையோ. நல்ல வேளை, கையெழுத்துப் போடவில்லை. அண்ணா, நீங்கள் படிக்கவில்லையா?

11:38
பெரியப்பா: நான் மேல் வரியைத் தாண்டவே இல்லையம்மா.

11:39
பாலக்கோடு அத்தை: கடைக்குப் போகிறேன். ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.